டிஸ்பேரேஜ்: ஒரு சொல்லும் ஓர் ஐஸ்க்ரீம் டப்பாவும்

1

மெல்பர்னுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் என்னை ஆங்கிலத்தில் திட்டியவர்களுக்குக் குறைவில்லை. சில்லறை தேடி நேரமாக்கியதற்கு பஸ் டிரைவர் திட்டியிருக்கிறார். வரிசையில் தெரியாமல் முன்னால் போய் நின்றதற்கு ஒரு கிழவி திட்டியிருக்கிறாள். அவர்கள் சொன்னதெல்லாம் சின்னச் சின்னச் சொற்கள், கேட்ட உடனே புரிந்துவிட்டது. போன மாதம் நான் பெற்ற பெண் சொன்ன ஒரு சொல்லுக்குத்தான் அகராதியைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. பெற்ற பெண் என்ன சொல்லித் திட்டினாள் என்று அகராதியில் தேடிப் பார்க்கும் பாக்கியம் ஊரில் இருக்கும் உங்களுக்கெல்லாம் கிடைக்காது.

நித்யா எங்களுக்கு ஒரே பெண். இங்கேயே பிறந்தவள், பள்ளிக்கூட ஆசிரியை, வயது இருபத்தைந்து. பேச்செல்லாம் ஆங்கிலத்தில் ஓடும், நடுநடுவே தமிழில் இறங்கி இளைப்பாறும். 'அம்மா, சும்மா இரு' என்பதை மட்டும் சுத்தமான தமிழில் சொல்வாள். தினமும் சொல்லிச் சொல்லி உச்சரிப்பு நன்றாகப் படிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிர் என்கிற பையனை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தாள். 'இவனைத்தான்' என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். தமிழ்ப் பையன், அதிலும் நெய்வேலிப் பக்கம் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலிச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில். மகள் ஒரு வெள்ளைக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறாள், அவனுக்கு ரசம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும் என்று பத்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்தவள் நான். கோழிக்குழம்பு, வறுவல், வடை, பாயசம் என்று விடியற்காலையிலிருந்து சமைத்தேன்.

பையன் வந்தான். மாநிறம், சிரித்த முகம். வாசலிலேயே ஷூவைக் கழற்றினான். "சாப்பிடுங்க தம்பி, கூச்சப்படாதீங்க" என்று இலையில் அள்ளி வைத்தேன். ஆமாம், இலைதான். இந்தியக் கடையில் ஐஸில் வைத்து விற்கும் வாழையிலை. அப்புறம் பேச்சுவாக்கில் எந்த பிளாக் என்று கேட்டேன். பிளாக் இல்லை ஆன்ட்டி, கம்மாபுரம் பக்கம் கிராமம் என்றான். அப்பா என்ன செய்கிறார் என்றேன். மைன்ஸில் இருந்தார், இப்போது இல்லை, காலமாகிவிட்டார் என்றான். அடப்பாவமே என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

"பர்மனெண்டா இருந்தாரா?"

"இல்ல ஆன்ட்டி. காண்ட்ராக்ட்."

2

டவுன்ஷிப்பில் வளராதவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் ஊரில் நாங்கள் ஜாதி கேட்க மாட்டோம். டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டுக்கு உள்ளே இருந்தவர்கள் எல்லா மாவட்டத்திலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நாகர்கோவில், எதிர்வீட்டுக்காரர் பாலக்காடு. ஜாதி கேட்பது பட்டிக்காட்டு வழக்கம், நாம் அப்படிக் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லித்தான் வளர்த்தாள். அதற்குப் பதிலாக மூன்றே மூன்று கேள்விகள் கேட்போம். எந்த பிளாக்? எந்த டைப் குவார்ட்டர்ஸ்? பர்மனெண்டா, காண்ட்ராக்டா? மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால், கேட்காமல் விட்ட கேள்விக்கும் முக்கால்வாசி பதில் வந்துவிடும். எங்கள் நாகரிகம் அவ்வளவு சிக்கனமானது.

பதில் வந்ததும் பேச்சு தானாக இடம் மாறும். பர்மனெண்ட் என்றால் 'வாங்க, உக்காருங்க'. காண்ட்ராக்ட் என்றால் 'வாப்பா, என்ன விஷயம்'. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது இல்லை. சைக்கிள் ஓட்டக் கற்றது போலத்தான், ஒரு தடவை வந்துவிட்டால் மறக்காது.

அடுப்பங்கரையிலும் இரண்டு வகை இருந்தது. அம்மாவிடம் அப்பா பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பாக்கள் ஒரு டஜனுக்கு மேல் இருந்தன. பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் பொங்கலோ புளியோதரையோ போனால் அந்த டப்பாவில்தான் போகும். இரண்டு நாளில் டப்பா திரும்பி வரும். காலியாக வராது, அதில் நாலு முறுக்கோ ஒரு பிடி சர்க்கரையோ இருக்கும். அதைக் கழுவி மறுபடி எதையாவது போட்டு அனுப்ப வேண்டும். இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் ஒரு டப்பா வருஷக்கணக்கில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். நட்பு என்றால் எங்களுக்கு அதுதான்.

புல் வெட்ட வருகிறவர், சாக்கடை அடைப்பு எடுக்க வருகிறவர், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, இவர்களுக்கும் அம்மா சாப்பாடு கொடுப்பாள். தாராளமாகவே கொடுப்பாள். ஆனால் கொடுப்பது பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், இல்லையென்றால் எண்ணெய் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில். 'திருப்பித் தர வேணாம்' என்று சொல்லித்தான் கொடுப்பாள். அதை நான் பெருந்தன்மை என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். திரும்பி வர வேண்டாம் என்று நாங்கள் சொன்னது டப்பாவை மட்டும்தானா என்று யோசித்ததில்லை.

3

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காண்ட்ராக்ட் என்று அவன் சொன்ன பிறகு நான் முகத்தைச் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். இன்னொரு கரண்டி பாயசம்கூட ஊற்றினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தவனிடம்தான் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது.

"சிங்க்ல தண்ணி போகவே மாட்டேங்குது, கொஞ்சம் என்னன்னு பாரேன்."

பெண் பார்க்க வந்த இடத்தில், இல்லை, பெண்ணைப் பெற்றவளைப் பார்க்க வந்த இடத்தில், வெள்ளைச் சட்டை போட்டு வந்த பையனிடம் இதைச் சொன்னேன். அவன் மெல்பர்ன் நகரத்துக் குடிநீர்க் குழாய்களை வடிவமைக்கிற என்ஜினியர். அது எனக்கு நன்றாகத் தெரியும், நித்யா இரண்டு தடவை சொல்லியிருந்தாள். பல் டாக்டர் மாப்பிள்ளை வந்திருந்தால் வாயைத் திறந்து காட்டியிருப்பேனா என்று பிறகு என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன்.

கதிர் சட்டைக் கையை மடித்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் போய்ப் படுத்தான். என் கணவர் கைபேசியில் எதையோ வெகு மும்முரமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். திருச்சிக்காரர், சங்கடமான நேரங்களில் எழுத்தறிவு பெருகும். கால் மணி நேரத்தில் குழாயைக் கழற்றி, கறிவேப்பிலையும் சோறும் அடைத்திருந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, பழையபடி மாட்டிக் கொடுத்தான். தண்ணீர் நன்றாகவே போயிற்று. இன்று வரைக்கும் போகிறது.

கிளம்பும்போது மீந்த குழம்பையும் வறுவலையும் இரண்டு லிட்டர் வெனிலா ஐஸ்க்ரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். "டப்பாவத் திருப்பித் தர வேணாம்ப்பா" என்றும் சொன்னேன். சொல்லும்போது என் மனசு அன்பால் நிறைந்திருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நித்யா அவனைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். நேராகச் சமையலறைக்கு வந்து, எவர்சில்வர் டப்பாக்கள் அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்து அப்படியே நின்றாள். அம்மா காலத்து டப்பாக்களில் பாதி இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. இந்தப் பேட்டைத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் அவற்றைக் கொண்டுபோனவளும் திருப்பி வாங்கி வந்தவளும் நித்யாதான், சின்ன வயதிலிருந்து. போன வாரம் வந்த டாக்டர் வீட்டுக்கு இதில் எதைக் கொடுத்தாய் என்று கேட்டாள்.

"யூ டிஸ்பேரேஜ்டு ஹிம், அம்மா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

4

நம்மிடம் இதற்குச் சொற்களா இல்லை? ஏளனம், இளக்காரம், எகத்தாளம், துச்சம், அலட்சியம். ஒவ்வொன்றுக்கும் முகம் வேறு, மூக்கு வேறு. ஏளனம் செய்பவன் சிரிப்பான், துச்சமாக நினைப்பவன் திரும்பியே பார்க்க மாட்டான். 'மட்டம் தட்டுவது' என்று ஒன்று இருக்கிறது. கொத்தனார் மட்டம் தட்டினால் தரை சமமாகும், நாம் தட்டினால் ஆள் கீழே போவான். இதில் எது நான் செய்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஆங்கிலச் சொல்லைத் தேடினேன். ஏதோ 'அவமதித்தல்' என்று ஒரு வரி இருக்கும், படித்துவிட்டு 'நான் அவமதிக்கவே இல்லையே' என்று வாதாடலாம் என்பது திட்டம்.

அகராதி என்னை அப்படி விடவில்லை. டிஸ்பேரேஜ் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லாம். லத்தீனில் 'பார்' என்றால் சமம். அதிலிருந்து வந்த 'பராஜ்' என்றால் பிறப்பால் வந்த அந்தஸ்து, சம அந்தஸ்துக்காரர்களின் கூட்டம். முன்னால் ஒட்டியிருக்கும் 'டிஸ்', அதைப் பறிப்பது. ஒருவரை அவருடைய அந்தஸ்துக்குக் கீழே உள்ள இடத்தில் கட்டிக் கொடுப்பதற்குத்தான் முதலில் இந்தச் சொல். தகப்பனில்லாத பணக்காரப் பெண்ணைப் பராமரிக்கும் பிரபு, அவளைத் தகுதிக்குக் குறைந்தவனுக்குக் கட்டி வைக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டமே இருந்திருக்கிறது. அப்படிக் கட்டி வைத்தால் அதற்குப் பெயர் இதுதான். பிறகு காலப்போக்கில் கல்யாணம் கழன்றுபோய், கீழாக நினைப்பது, கீழாகப் பேசுவது என்கிற பொருள் மட்டும் தங்கிவிட்டது.

படித்ததும் எனக்கு வந்த குஷி இருக்கிறதே, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரப் பிரபுக்கள் எல்லோரும் எங்கள் பிளாக் ஆட்கள்தான் என்று தோன்றியது. எந்த பிளாக், எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதோடு நிற்காமல், அகராதியைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு நித்யாவின் அறைக்குப் போனேன். சொல்லின் பழைய அர்த்தப்படி பார்த்தால் டிஸ்பேரேஜ் செய்தவள் நான் இல்லை, அவனைக் கட்டிக்கொள்ளப் போகிற நீதான் நம் குடும்பத்தை அப்படிச் செய்கிறாய் என்று விளக்கினேன். வாதத்தில் ஜெயித்துவிட்ட தோரணையில் கட்டிலில் உட்கார்ந்தேன்.

அவள் நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"அப்போ நான் கரெக்ட்டான வேர்டுதானே சொன்னேன்?" என்றாள்.

கைபேசியை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். இவ்வளவு படிக்க வைத்தது என் தப்புத்தான்.

5

இந்த நாட்டில் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் படிவம் கொடுக்க வேண்டும். நித்யா அதை நிரப்பி மேசையில் வைத்திருந்தாள். பெண்ணின் பெற்றோர் பெயர், பிறந்த நாடு. பையனின் பெற்றோர் பெயர், பிறந்த நாடு. இந்தியா, இந்தியா, இந்தியா, இந்தியா என்று நாலு கட்டத்திலும் ஒரே சொல். பிளாக்குக்குக் கட்டம் இல்லை. டைப்புக்குக் கட்டம் இல்லை. இருபத்தாறு வருஷமாக இந்த நாட்டுப் படிவங்களைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன், இத்தனை முட்டாள்தனமான படிவத்தை மட்டும் பார்த்ததில்லை. பெற்றோரின் கையெழுத்துக்கு எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். அதுவும் இல்லை.

ஆனால் சிக்கல் படிவத்தில் இல்லை, கம்மாபுரம் பக்கத்தில் இருந்தது. கதிர் வெள்ளந்தியாகத் தன் அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். கோழிக்குழம்பு அருமை, சிங்க்கைச் சரிசெய்து கொடுத்தேன், குழம்பு கொடுத்தனுப்பினார்கள் என்று சந்தோஷமாகவே சொல்லியிருக்கிறான். அவன் அம்மா அஞ்சலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். எதில் போட்டுக் கொடுத்தார்கள் என்று. அவன் சொன்னான். அஞ்சலை டவுன்ஷிப் வீடுகளில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். ஐஸ்க்ரீம் டப்பாவின் அர்த்தம் அவருக்கு அகராதி இல்லாமலே புரிந்திருக்கிறது. அந்த வீட்டில் பெண் எடுக்க வேண்டாம், எடுத்தால் நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். விசாவுக்கு வாங்கி வைத்திருந்த காகிதங்களையும் நிரப்பவில்லை.

கதிர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நித்யா சொன்னாள். தகப்பன் இல்லாத பையன், அம்மாவும் வராமல் எப்படித் தாலி கட்டுவான்? பிறகு மிகவும் அமைதியான குரலில், தான் எடுத்திருந்த முடிவைச் சொன்னாள். "அவங்க அம்மா வரலைன்னா நீயும் வர வேண்டாம். ஈக்வல்."

அவள் அப்பா வரலாமாம். அப்பாதான் ஒன்றுமே செய்யவில்லையே.

ஒரே பெண். அவள் கல்யாணப் புடவைக்கு மடிப்பு வைக்க என்னை விட்டால் இந்த ஊரில் ஆள் கிடையாது. யூடியூபைப் பார்த்துக் கட்டிக்கொள்வாள், அது அவிழும். இதை நினைத்துக் குளியலறையில் போய் அழுதேன். முதலில் கோபத்தில் அழுதேன், அப்புறம் பயத்தில். நித்யா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

6

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு அஞ்சலையை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அங்கே காலை பத்து மணி. நித்யா பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். படம் வந்தபோது முதலில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரிந்தது, அப்புறம் ஒரு தாடை, அப்புறம் முழு முகம். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார், புடைப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லுங்க. ஒக்காந்துகினுதான் இருக்கேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. முதலில் எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிட்டால் மன்னிப்புக்கு ஒரு எடை கிடைக்கும் என்று நினைத்தேன் போல. அப்பா என்ன கிரேடில் ரிடையர் ஆனார், எங்கள் குவார்ட்டர்ஸ் எந்த பிளாக்கில் இருந்தது, தோட்டத்தில் எத்தனை மாமரம் என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"இப்ப அந்த வூட்டுல யாரு இருக்காங்க?" என்றார்.

தெரியாது என்றேன். அப்பா ரிடையர் ஆனதும் காலி செய்துவிட்டோம்.

"அதாங்க. ரிடையரானா சாவியக் குடுத்துட்டுப் போறவங்க நீங்க. எங்களுக்கு நெலம் இருந்திச்சி. ரெண்டு போவம் வெளையும். சொரங்கத்துக்குப் பூடிச்சி, இல்லங்கல. ஆனா இருந்திச்சி. எங்க சனம் கேக்குது, ஊரு பேரு இல்லாத குவாட்டர்ஸ்காரங்க வூட்டுலயா பொண்ணு எடுக்கறேன்னு. நான் என்னான்னு சொல்றது?"

எங்களைப் போய். நாங்கள் அவர்களுக்குக் குறைச்சலாம். அதோடு விடவில்லை. நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்வதைக் கதிர் சொல்லியிருக்கிறான். நான் ஊரில் எல்லோரிடமும் 'ஹெல்த் டிபார்ட்மெண்டில் இருக்கிறேன்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். கிழவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி விடுகிற வேலையாமே, தன் தங்கச்சியும் ஆஸ்பத்திரியில் அதைத்தான் செய்கிறது, நல்ல வேலைதான், ஆனால் சபையில் சொல்லிக்கொள்கிற வேலை இல்லை பாருங்கள் என்றார். குரலில் துளி கோபம் இல்லை. முறத்தில் கல்லைப் பொறுக்கிப் போடுகிற மாதிரிதான் சொன்னார்.

அடுத்த பத்து நிமிஷம் நான் என்ன செய்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஒரு மாதமாக மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவள், எங்கள் வீட்டுப் பெண்ணைத் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவள் குணத்தைச் சொன்னேன், படிப்பைச் சொன்னேன், சாம்பார் வைப்பாள் என்று பொய்கூடச் சொன்னேன். தகுதிப் பட்டியலைப் போட்டுப் போட்டுக் காட்டுவது எவ்வளவு கேவலமான காரியம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வலித்தது. இத்தனை வருஷம் நான் கேள்வி கேட்கிற பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பட்டியல் தீர்ந்துவிட்டது. அப்போதுதான், "அந்த டப்பா... வேணும்னு குடுக்கலைங்க. மன்னிச்சிருங்க" என்றேன்.

முறம் நின்றது.

"வேணும்னு குடுத்திருந்தாக்கூடத் தேவலங்க. ஏதோ கோவம்னு வச்சிக்குவேன். ஒங்களுக்குத் தானா வந்திச்சி பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அங்கேயும் அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அவரே பேசினார்.

"எம் புள்ள கேக்க மாட்டான். ஒங்க பொண்ணும் கேக்காதுபோல. நாம போவாட்டியும் அதுங்க கட்டிக்கத்தான் போவுதுங்க. நான் வரேன். நீங்களும் வாங்க. புடிக்கலைங்கறத அங்க யாரும் மூஞ்சில காட்டிக்க வேணாம். நீங்க ஒங்க வாய மூடிக்கினு நில்லுங்க, நான் எவ் வாய மூடிக்கினு நிக்கறேன்."

சரிங்க என்றேன். விசாப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டார். பதினேழாவது பக்கத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள், நான் கூடவே இருந்து சொல்கிறேன் என்றேன். நாளைக்கு இதே நேரம் கூப்பிடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கதவு திறந்தது. நித்யா வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. கண்கள் சிவந்திருந்தன. அவ்வளவு நேரமும் கதவில் காதை வைத்திருக்க வேண்டும், ஆனால் அந்தப் பக்கத்துத் தமிழ் அவளுக்குப் பாதிக்கு மேல் புரிந்திருக்காது.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நம்மள அவங்களுக்குப் பிடிக்கலையாம். கல்யாணத்துக்கு வராங்களாம்."

அவள் என்னையே பார்த்தாள்.

"நீ?" என்றாள்.

"நானும் அப்படித்தான்" என்றேன்.